சாவி போட்ட பிறகும் சர்வர் பாஸ்வேர்டு கேட்கிறது, எங்கே பார்ப்பது?

இரவுப்பறவை கேட்கிறார்:

வணக்கம். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறோம். வாடகைக்கு எடுத்த விர்ச்சுவல் சர்வர், அதில் உபுண்டு 22.04. இதுவரை எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் பாஸ்வேர்டு கொடுத்துத்தான் உள்ளே போய்க்கொண்டிருந்தோம். போன வாரம் சும்மா லாகைத் திறந்து பார்த்தால், யார் யாரோ ரூட், அட்மின், டெஸ்ட் என்று பெயர் மாற்றி மாற்றிக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பார்த்ததும் பகீர் என்றது. பாஸ்வேர்டுக்குப் பதில், நம் கணினியில் தனிச் சாவி, சர்வரில் அதன் பொதுச் சாவி என்ற சாவி முறைக்கு மாறிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

என் லினக்ஸ் லேப்டாப்பில் எஸ்எஸ்எச்-கீஜென் ஓட்டி எட்25519 வகைச் சாவி ஒன்று உருவாக்கினேன். எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி மூலம் சர்வருக்கு அனுப்பினேன். "ஒரு சாவி சேர்க்கப்பட்டது" என்று அதுவே சொன்னது. சர்வருக்குள் போய்ப் பார்த்தால், அனுமதி பெற்ற சாவிகளின் பட்டியலான ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பில் என் சாவியின் வரி அப்படியே இருக்கிறது. ஆனாலும் லாகின் செய்யும்போது பழையபடி பாஸ்வேர்டுதான் கேட்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

சாவியை அழித்துவிட்டுப் புதிதாகவும் உருவாக்கிப் பார்த்தாயிற்று, ஆர்எஸ்ஏ வகையிலும் பார்த்தாயிற்று. எதற்கும் அசையவில்லை. நாங்கள் எல்லோரும் 'டெப்ளாய்' என்ற ஒரே பயனர் கணக்கில்தான் வேலை செய்கிறோம். இன்னொரு டெர்மினலில் அந்தக் கணக்கில் ஏற்கனவே உள்ளே இருக்கிறேன், சூடோ (நிர்வாகிக் கணக்கான ரூட்டின் அதிகாரத்தில் கட்டளை ஓட்டும்) அனுமதி உண்டு. எங்கே தேடுவது?

நிரல்நிலா:

99 சதவீதம் பர்மிஷன் பிரச்சினைதான். புள்ளி-எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700 (உரிமையாளருக்கு மட்டும் எல்லா அனுமதியும்), ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்புக்கு 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) கொடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் உரிமையாளர் டெப்ளாய் ஆக இருக்க வேண்டும், ரூட்டாக இருக்கக் கூடாது.

அப்புறம் போர்ட்டை 22-லிருந்து 2222-க்கு மாற்றிவிடுங்கள், ஃபெயில்2பேன் (திரும்பத் திரும்பத் தவறும் ஐபியைத் தடுக்கும் நிரல்) போடுங்கள். தட்டுகிறவர்கள் காணாமல் போவார்கள்.

இரவுப்பறவை:

நன்றி. இரண்டும் ஏற்கனவே 700, 600-ஆகத்தான் இருக்கின்றன. உரிமையாளரும் டெப்ளாய்தான்.

கன்சோல்காரன்:

முதல் வேலை: உள்ளே இருக்கும் அந்த டெர்மினலை மூடாதீர்கள். இது முடியும்வரை அது திறந்தே இருக்கட்டும். சர்வரில் ஓடும் எஸ்எஸ்எச் நிரலான எஸ்எஸ்எச்டி சேவையை ரீஸ்டார்ட் செய்தாலும் ஏற்கனவே திறந்திருக்கும் இணைப்பு அறுந்துபோகாது. கான்ஃபிக்கில் ஏதாவது தவறாகி வாசல் பூட்டிக்கொண்டால் அந்த ஜன்னல் வழியாகத்தான் திரும்பச் சரிசெய்ய முடியும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் புதிதாக இன்னொரு ஜன்னல் திறந்து, அதில் லாகின் ஆகிறதா என்று பாருங்கள். ஆகிறது என்று கண்ணால் பார்க்கும்வரை பழையதைத் தொட வேண்டாம்.

இரண்டாவது, யூகிப்பதை நிறுத்துவோம். பர்மிஷனை மாற்றிப் பார், சாவியை மாற்றிப் பார், ரீபூட் செய்து பார் என்று போனால் விடியும்வரை போகலாம். நடுவில் தற்செயலாகச் சரியானாலும் எது சரிசெய்தது என்று தெரியாது. சர்வருக்குக் காரணம் தெரியும். அதைக் கேட்டால் போதும்.

உங்கள் லேப்டாப் பக்கத்தில் பிழைச் செய்தி வராததற்குக் காரணம் உண்டு. 'உன் சாவி இங்கே இருக்கிறது, ஆனால் கோப்புறை அனுமதி சரியில்லை' என்று வெளியே நிற்பவனிடம் சர்வர் சொல்லாது. நிற்பது நீங்களா திருடனா என்று அதற்கு இன்னும் தெரியாதே. அதனால் பேசாமல் அடுத்த வழிக்குப் போய்ப் பாஸ்வேர்டு கேட்கிறது. காரணத்தைத் தன் லாகில் மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறது.

எஸ்எஸ்எச் கட்டளையோடு '-வி' (சின்ன v) கொடியைச் சேர்த்து ஒருமுறை லாகின் செய்து பாருங்கள். கொட்டும் வரிகளில் இரண்டைத்தான் தேட வேண்டும். 'ஆஃபரிங் பப்ளிக் கீ' என்ற வரி, உங்கள் லேப்டாப் சாவியை நீட்டியது என்பதற்குச் சாட்சி. அதற்கு அடுத்து 'சர்வர் அக்செப்ட்ஸ் கீ' என்று வந்தால் சர்வர் அதை ஏற்றது. முதல் வரியே இல்லை என்றால் கோளாறு உங்கள் பக்கம்: சாவிக் கோப்பின் பெயர் வழக்கமானதாக இல்லாமல் இருக்கலாம், அல்லது வேறிடத்தில் கிடக்கலாம். முதல் வரி வந்து இரண்டாவது வரவில்லை என்றால் சர்வர் பக்கம் போக வேண்டியதுதான்.

சர்வரில், திறந்திருக்கும் ஜன்னலில் /வார்/லாக்/ஆத்.லாக் கோப்பை 'டெயில் -எஃப்' போட்டு ஓட விடுங்கள். ரெட் ஹேட் குடும்பமாக இருந்தால் அது 'செக்யூர்' என்ற கோப்பு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பிலிருந்து லாகின் செய்யுங்கள். அந்த நொடியில் விழும் வரியை இங்கே ஒட்டுங்கள். ஐபி முகவரியை மறைத்துவிட்டு ஒட்டுங்கள்.

இரவுப்பறவை:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். 'ஆஃபரிங்' வந்தது, 'அக்செப்ட்ஸ்' வரவில்லை. சர்வர் லாகில் விழுந்தது இது:

'ஆத்தென்டிகேஷன் ரெஃப்யூஸ்டு: பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் டைரக்டரி /ஹோம்/டெப்ளாய்'

டெப்ளாய் ஹோம் கோப்புறையே பிடிக்கவில்லை என்கிறதா? எல்எஸ் -எல்டி போட்டால் அந்தக் கோப்புறையில் எல்லோருக்கும் எல்லா அனுமதியும், அதாவது 777, இருப்பதாகக் காட்டுகிறது. எங்களில் ஒருவரைக் கேட்டேன். சில மாதங்களுக்கு முன் இணையதளத்தில் படங்கள் 403 பிழை காட்டியபோது, எங்கோ படித்துவிட்டு ஹோம் கோப்புறைக்கே 777 போட்டிருக்கிறார். அப்போது படம் வந்துவிட்டது, எல்லோரும் மறந்துவிட்டோம்.

இதை 755 ஆக்கினால் போதுமா? இந்தச் சோதனையைச் செய்யச் சொல்லும் ஸ்ட்ரிக்ட்மோட்ஸ் அமைப்பை 'நோ' ஆக்கினால் சரியாகிவிடும் என்றும் ஓர் இடத்தில் படித்தேன். எது நல்லது?

கன்சோல்காரன்:

755 (எழுதுவது உரிமையாளர் மட்டும், மற்றவர்கள் படிக்கலாம், நுழையலாம்) போதும். ஸ்ட்ரிக்ட்மோட்ஸைத் தொடவே தொடாதீர்கள். அது எரிச்சலூட்டுவதற்காக வைத்த விதி இல்லை.

புள்ளி-எஸ்எஸ்எச் கோப்புறைக்கு 700 கொடுத்திருக்கிறீர்கள், யாரும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, சரி. ஆனால் அந்தக் கோப்புறை உட்கார்ந்திருப்பது 777 உள்ள ஹோமில். ஒரு கோப்புறைக்குள் இருப்பவற்றின் பெயரை மாற்ற, அந்தக் கோப்புறையில் எழுதும் அனுமதி இருந்தால் போதும், உள்ளே இருப்பது யாருடையது என்பது பொருட்டில்லை. ஆக, அந்தச் சர்வரில் இருக்கும் எந்தப் பயனரும், உங்கள் இணையதளம் ஓடும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா கணக்கு உட்பட, உங்கள் புள்ளி-எஸ்எஸ்எச் கோப்புறைக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, அதே பெயரில் புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கித் தன் சாவியைப் போடலாம். 700 அதைத் தடுக்காது. தளத்தில் ஒரு ஓட்டை கிடைத்தால் அடுத்த நிமிடம் டெப்ளாயாக லாகின், உங்கள் விஷயத்தில் சூடோவும் கையில். எஸ்எஸ்எச்டி அதனால்தான் கோப்பிலிருந்து தொடங்கி ஹோம் வரை மேலே ஏறிப் பார்க்கிறது. குழுவோ மற்றவர்களோ எழுத முடிகிற இடம் வழியில் ஒன்று இருந்தாலும் அந்தக் கோப்பை நம்பாது. எனக்கு இந்தப் பிடிவாதம் பிடிக்கும்.

755 ஆனதும் உங்கள் படங்களும் வரும். 403-க்குத் தேவைப்பட்டது நுழைந்து போகும் அனுமதி மட்டும்தான், எழுதும் அனுமதி இல்லை. 777 மிச்சத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. எனக்கு விருப்பம் என்னவென்றால், தளக் கோப்புகள் ஹோமுக்குள்ளேயே இருக்கக் கூடாது, /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ-க்குப் போக வேண்டும். ஆனால் அது இன்னொரு நாள் வேலை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மாதக்கணக்கில் 777 இருந்ததால். ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பைத் திறந்து வரிக்கு வரி பாருங்கள். உங்கள் மூவருக்கும் தெரியாத சாவி ஏதாவது இருக்கிறதா? ரூட் கணக்கின் கோப்பையும் பாருங்கள். பாஷ்ஆர்சி, புரொஃபைல் கோப்புகளையும் ஒரு கண் பார்த்துவிடுங்கள். அவையும் அதே கோப்புறையில்தான் இருக்கின்றன, லாகின் செய்யும்போதெல்லாம் ஓடுகின்றன.

இரவுப்பறவை:

755 ஆக்கியதும் சாவியில் உடனே உள்ளே போனேன், படங்களும் வருகின்றன. அறிமுகமில்லாத சாவி எதுவும் இல்லை. பாஷ்ஆர்சியிலும் நாங்கள் எழுதியது மட்டும்தான்.

ஆனால் இரண்டு புதுத் தலைவலி.

ஒன்று, விண்டோஸில் வேலை செய்கிற நண்பர் புட்டிஜென் (புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருளோடு வரும் சாவி உருவாக்கும் நிரல்) மூலம் சாவி உருவாக்கி, பொதுச் சாவிக் கோப்பை எனக்கு அனுப்பினார். அதை ஆத்தரைஸ்டு_கீஸ் கடைசியில் சேர்த்தேன். அவரால் உள்ளே போக முடியவில்லை. இந்த முறை லாகில்கூடக் காரணம் எதுவும் விழவில்லை.

இரண்டு, என் சாவி வேலை செய்ததும் எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் கோப்பில் பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷனை 'நோ' ஆக்கிச் சேவையை ரீஸ்டார்ட் செய்தேன். பழைய ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன், கவலை வேண்டாம். ஆனால் அந்த நண்பர் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்துவிட்டார்! கோப்பை மறுபடி பார்த்தேன், 'நோ' என்றுதான் இருக்கிறது. முன்னால் ஹாஷ் குறியும் இல்லை.

கன்சோல்காரன்:

இரண்டாவதிலிருந்து வருகிறேன், அதுதான் ஆபத்து. சாவி போட்டுவிட்டோம், பாஸ்வேர்டை மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும் பல சர்வர்களில் பாஸ்வேர்டு வாசல் அகலமாகத் திறந்தே கிடக்கிறது. கோப்பில் எழுதினோமே என்ற நம்பிக்கைதான் காரணம். நீங்கள் யதேச்சையாகக் கண்டுபிடித்தீர்கள்.

இங்கேயும் அதே கதைதான், யூகிக்க வேண்டாம். 'சூடோ எஸ்எஸ்எச்டி -டி' என்று போடுங்கள், டி பெரிய எழுத்து (T). எல்லாக் கோப்புகளையும் படித்து முடித்து, கடைசியில் எந்தெந்த மதிப்பை எடுத்துக்கொண்டது என்று முழுப் பட்டியலையும் கொட்டும். கிரெப் வைத்துப் பாஸ்வேர்டு வரியை மட்டும் எடுங்கள். 'எஸ்' (yes) என்று இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

ஏன் என்றால், உபுண்டுவின் எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் கோப்பின் தலையிலேயே ஒரு 'இன்க்லூட்' வரி இருக்கிறது. எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி என்ற கோப்புறையில் இருக்கும் .கான்ஃப் கோப்புகளையெல்லாம் முதலில் படி என்கிறது அது. அந்தக் கோப்புறையில் பாருங்கள், '50-கிளவுட்-இனிட்.கான்ஃப்' என்று ஒன்று இருக்கும். வாடகைச் சர்வரை முதன்முதலில் எழுப்பும்போது அதை அமைத்துக் கொடுக்கும் கிளவுட்-இனிட் நிரல் வைத்துவிட்டுப் போவது. அதில் ஒரே வரி: பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷன் எஸ்.

நிறைய மென்பொருள்களில் ஒரே அமைப்பை இரண்டு முறை எழுதினால் கடைசியில் எழுதியது செல்லும். எஸ்எஸ்எச்டியில் தலைகீழ், முதலில் கண்ணில் பட்டது செல்லும். கிளவுட்-இனிட்டின் 'எஸ்' முதலில் வந்துவிட்டது, கீழே நீங்கள் எழுதிய 'நோ' படிக்கப்பட்டு ஓரமாக வைக்கப்பட்டது.

அந்த 50-ஆம் கோப்பைத் திருத்தலாம். நான் செய்வதில்லை, கிளவுட்-இனிட் அதைத் திரும்ப எழுதிவிட வாய்ப்புண்டு. அதே கோப்புறையில் '10-எங்கள்விதி.கான்ஃப்' மாதிரி சொந்தமாக ஒரு கோப்பு வையுங்கள். பெயர் வரிசையில்தான் படிக்கப்படும், 10 முந்திக்கொள்ளும். அதில் மூன்று வரி போதும்: பாஸ்வேர்டு ஆத்தென்டிகேஷன் நோ, கேபிடி-இன்டராக்டிவ் ஆத்தென்டிகேஷன் நோ, பெர்மிட் ரூட் லாகின் நோ.

நடுவில் இருப்பதை விட்டுவிடாதீர்கள். பாம் (லினக்ஸில் பயனரைச் சரிபார்க்கும் அமைப்பு) இயங்கும் சர்வரில் பாஸ்வேர்டு கேட்க அது இன்னொரு வாசல். முதலாவதை மட்டும் மூடினால், லாகின் செய்பவர் பார்வைக்கு எதுவுமே மாறியிருக்காது, அதே மாதிரி பாஸ்வேர்டு கேட்கும். பழைய பதிப்புகளில் இதன் பெயர் சேலஞ்ச்-ரெஸ்பான்ஸ் ஆத்தென்டிகேஷன். இரண்டு பெயரும் இணையத்தில் கலந்து கிடக்கும், குழம்ப வேண்டாம். உங்களுக்குச் சூடோ இருக்கிறதால் மூன்றாவதையும் தைரியமாகப் போடலாம்.

ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் 'எஸ்எஸ்எச்டி -டி', இந்த முறை சின்ன எழுத்து (t). எழுத்துப்பிழை இருந்தால் சொல்லும், இல்லாவிட்டால் மௌனம். மௌனம் நல்லது. உபுண்டு, டெபியனில் சேவையின் பெயர் 'எஸ்எஸ்எச்', ரெட் ஹேட் குடும்பத்தில் 'எஸ்எஸ்எச்டி'.

பிறகு சாவி இல்லாதவனைப் போல நீங்களே ஒருமுறை வாசலுக்குப் போய்ப் பாருங்கள். எஸ்எஸ்எச் கட்டளையில் '-ஓ' (சின்ன o) கொடி வைத்துப் பப்கீ ஆத்தென்டிகேஷனை அந்த ஒருமுறைக்கு மட்டும் 'நோ' ஆக்கலாம். 'பர்மிஷன் டினைடு' என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் 'பப்ளிக்கீ' என்ற ஒற்றைச் சொல் மட்டும் வர வேண்டும். அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதுதான் சர்வர் ஏற்கும் வழிகளின் பட்டியல். பக்கத்தில் 'பாஸ்வேர்டு' என்றோ 'கீபோர்டு-இன்டராக்டிவ்' என்றோ ஒட்டிக்கொண்டிருந்தால் வேலை இன்னும் முடியவில்லை.

இப்போது விண்டோஸ் நண்பர். அவர் அனுப்பிய கோப்பை நோட்பேடில் திறந்தால், முதல் வரியில் நான்கு கோடுகளோடு 'பிகின் எஸ்எஸ்எச்2 பப்ளிக் கீ' என்று இருக்கும், சாவி பல வரிகளாக உடைந்திருக்கும். புட்டிஜென்னில் 'சேவ் பப்ளிக் கீ' பொத்தானை அழுத்தினால் கிடைப்பது அதுதான். அது ஆர்எஃப்சி 4716 என்ற வேறு வடிவம். தப்பான கோப்பு இல்லை, ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எச்சின் ஆத்தரைஸ்டு_கீஸ் அதை வாங்காது. அதற்கு ஒரு சாவி, ஒரே வரி: வகைப் பெயர், இடைவெளி, நீண்ட எழுத்துத் தொடர், இடைவெளி, கடைசியில் யாருடையது என்ற குறிப்பு. எட்25519 என்றால் நடுவில் இருக்கும் தொடர் 68 எழுத்துகள்தான், சின்னது. புரியாத வரியைத் தாண்டிப் போய்விடும், அதனால்தான் உங்கள் லாகில் சத்தமே இல்லை.

புட்டிஜென் ஜன்னலின் மேல்பகுதியில் ஒரு பெட்டி இருக்கும், 'ஓப்பன்எஸ்எஸ்எச் ஆத்தரைஸ்டு_கீஸ் கோப்பில் ஒட்டுவதற்கான பொதுச் சாவி' என்று ஆங்கிலத்தில் தலைப்பு போட்டு. அதிலிருந்து முழுவதும் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்து அனுப்பச் சொல்லுங்கள். கீழே உருட்டினால்தான் முழுசாகத் தெரியும், பாதியில் விட்டுவிடுவார்கள். அல்லது நீங்களே எஸ்எஸ்எச்-கீஜென்னில் '-ஐ -எஃப்' (-i -f) கொடுத்து அந்தக் கோப்பை ஒற்றை வரியாக மாற்றிக்கொள்ளலாம்.

அவர் அனுப்பியது பொதுச் சாவியைத்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். .பிபிகே என்று முடிந்தால் அது தனிச் சாவி. அது மின்னஞ்சலில் வந்திருந்தால் செத்த சாவி என்று வைத்துக்கொண்டு புதிதாக உருவாக்கச் சொல்லுங்கள்.

நிரல்நிலா:

போர்ட் மாற்றுவதைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லையே? எனக்கு 2222-க்கு மாற்றிய பிறகு லாக் சுத்தமாகிவிட்டது.

கன்சோல்காரன்:

லாக் சுத்தமாகும், அதை மறுக்கவில்லை. லாகைத் தினமும் படிக்கிற ஆளாக இருந்தால் அது ஒரு சௌகரியம்தான். ஆனால் அது பாதுகாப்பு இல்லை, அமைதி. பாஸ்வேர்டு வாசலை மூடிய சர்வரில் தட்டுகிறவன் எத்தனை தட்டினாலும் ஊகிப்பதற்கு எதுவும் கிடையாது. பாஸ்வேர்டு திறந்திருக்கும் சர்வரில் போர்ட்டை மட்டும் மாற்றினால், எல்லாப் போர்ட்டையும் தடவிப் பார்க்கிறவனுக்குச் சில நிமிடம் கூடுதல் வேலை, அவ்வளவே.

மாற்றியே தீர வேண்டும் என்றால் 1024-க்குக் கீழே ஓர் எண்ணை எடுங்கள். வழக்கமான லினக்ஸ் அமைப்பில் அதற்குக் கீழே உள்ள போர்ட்டில் உட்கார ரூட் அதிகாரம் வேண்டும். 2222-இல் எந்தச் சாதாரணப் பயனரின் நிரலும் உட்காரலாம். எஸ்எஸ்எச்டி ஏதோ காரணத்தால் விழுந்த நேரத்தில் வேறொன்று அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் பாஸ்வேர்டு கேட்டால் யோசித்துப் பாருங்கள். ஃபயர்வாலில் புதிய போர்ட்டைத் திறந்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

ஃபெயில்2பேன் போடுவதில் தவறில்லை. இவர்கள் சர்வருக்கு அது இரண்டாம் பட்சம்.

பைப்லைன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்த விண்டோஸ் நண்பர் விஷயத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். அவர் புட்டி எந்தப் பதிப்பு, சாவி எந்த வகை என்று கேளுங்கள். புட்டி 0.68 முதல் 0.80 வரை, நிஸ்ட் பி-521 வகை ஈசிடிஎஸ்ஏ சாவி பயன்படுத்தினால் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் தேவைப்படும் ரகசிய எண்ணை அது ஒருபக்கச் சாய்வோடு உருவாக்கியது, 60 கையெழுத்து மாதிரி கிடைத்தாலே தனிச் சாவியைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். 2024 ஏப்ரலில் 0.81 பதிப்பில் சரிசெய்தார்கள். ஆனால் புட்டியைப் புதுப்பித்தால் மட்டும் போதாது, அந்த வகைச் சாவியையே தூக்கிப்போட வேண்டும். எட்25519 வைத்திருந்தால் இந்தப் பிரச்சினை இல்லை.

புட்டிதான் வேண்டும் என்ற கட்டாயமும் இப்போது கிடையாது. விண்டோஸ் 10-இல் 2018 முதலே ஓப்பன்எஸ்எஸ்எச் கிளையண்ட் கூடவே வருகிறது, பவர்ஷெல்லில் எஸ்எஸ்எச்-கீஜென் அப்படியே ஓடும். எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி மட்டும் அதில் இருக்காது.

இரவுப்பறவை:

இரண்டும் சரியாகிவிட்டன! 50-கிளவுட்-இனிட் அப்படியே நீங்கள் சொன்ன இடத்தில், அதே ஒற்றை வரியோடு இருந்தது. 10-ஆம் கோப்பு வைத்த பிறகு 'பப்ளிக்கீ' மட்டும்தான் வருகிறது. நண்பர் அனுப்பியதும் அந்த 'பிகின்' கோப்புதான், புட்டி 0.83, எட்25519. பெட்டியிலிருந்து காப்பி செய்து அனுப்பினார், போட்டதும் உள்ளே வந்தார். சேவையை ரீஸ்டார்ட்கூடச் செய்யவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். மூன்றாவது ஆளுக்கு என் சாவியையே கொடுத்துவிடலாமா? கணக்கு ஒன்றுதானே. இன்னொன்று, சாவி உருவாக்கும்போது பாஸ்ஃப்ரேஸ் கேட்டது, நான் வெறுமனே என்டர் தட்டிவிட்டேன். மறுபடியும் ஏதோ ஒன்றைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்றால் பாஸ்வேர்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கன்சோல்காரன்:

சாவி மாற்றத்துக்கு ரீஸ்டார்ட் தேவையில்லை. லாகின் முயற்சி வரும்போதெல்லாம் அந்தக் கோப்பைப் புதிதாகத்தான் படிக்கும்.

வித்தியாசம் பெரிது. பாஸ்வேர்டு என்பது நீங்கள் சர்வரிடம் சொல்லும் ரகசியம். வழியில் மறைகுறியாக்கத்தோடு போனாலும், போய்ச் சேரும் இடத்தில் எஸ்எஸ்எச்டியின் கையில் அது பச்சையாகத்தான் கிடைக்கும். சர்வரை ஒருவன் பிடித்துவிட்டால் அடுத்து லாகின் செய்கிறவர்களின் பாஸ்வேர்டையெல்லாம் உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம். அதே பாஸ்வேர்டை வேறு இடத்திலும் வைத்திருந்தால் அதுவும் போயிற்று. சாவி முறையில் உங்கள் லேப்டாப் ஒரு கையெழுத்தை மட்டும்தான் அனுப்புகிறது. அந்தக் கையெழுத்து போடப்படும் தரவில் அப்போதைய இணைப்பின் அடையாள எண்ணும் சேர்ந்திருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு சர்வரில் காட்ட முடியாது. தனிச் சாவி லேப்டாப்பை விட்டு வெளியே போவதே இல்லை.

எஸ்எஸ்எச் பிறந்ததே பாஸ்வேர்டு திருட்டில்தான். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ ஒட்டுக்கேட்கும் நிரலை வைத்துப் பாஸ்வேர்டுகளை அள்ளினார்கள். டெல்நெட் காலம், எல்லாம் அப்படியே வயரில் ஓடும். அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு யூலோனன் அதற்குப் பிறகு எழுதியதுதான் எஸ்எஸ்எச்சின் முதல் பதிப்பு. நாம் இன்று பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எச், ஓப்பன்பிஎஸ்டி குழு 1999-இல் கொண்டுவந்தது.

பாஸ்ஃப்ரேஸ் சர்வருக்குப் போவதில்லை. உங்கள் வட்டில் கிடக்கும் சாவிக் கோப்பைப் பூட்டி வைப்பது மட்டும்தான் அதன் வேலை. பாஸ்ஃப்ரேஸ் இல்லாத சாவிக் கோப்பு லேப்டாப்போடு தொலைந்தால், எடுத்தவன் நேராக உங்கள் சர்வருக்குள் போகலாம். புதிதாகச் சாவி உருவாக்க வேண்டாம். எஸ்எஸ்எச்-கீஜென்னில் '-பி' (சின்ன p) போட்டு இருக்கிற சாவிக்கே பாஸ்ஃப்ரேஸ் சேர்த்துக்கொள்ளலாம், பொதுச் சாவி மாறாது. திறந்த சாவியை நினைவில் வைத்துக்கொள்ளும் எஸ்எஸ்எச்-ஏஜென்ட் ஓடினால் லேப்டாப்பைத் திறந்ததும் ஒருமுறை தட்டச்சு செய்தால் போதும்.

ஏஜென்ட் பயன்படுத்தும்போது ஒன்று: அதில் நிறையச் சாவிகள் சேர்ந்துவிட்டால் ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே இருக்கும். ஒரு இணைப்பில் சர்வர் பொறுப்பது 6 முயற்சி, அதற்குள் சரியான சாவியின் முறை வராவிட்டால் 'டூ மெனி ஆத்தென்டிகேஷன் ஃபெயிலியர்ஸ்' என்று துரத்திவிடும். லேப்டாப்பின் எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் அந்தச் சர்வருக்கு எந்தச் சாவிக் கோப்பு என்று எழுதி, 'ஐடென்டிட்டீஸ் ஒன்லி எஸ்' என்று போட்டால் தீர்ந்தது.

மூன்றாமவருக்கு உங்கள் சாவியைக் கொடுக்காதீர்கள். கணக்கு ஒன்றாக இருக்கலாம், சாவி ஆளுக்கு ஒன்று. ஒரே ஆளுக்கு இரண்டு லேப்டாப் என்றால் இரண்டு சாவி. அப்போதுதான் யார் உள்ளே வந்தார்கள் என்று லாகில் சாவியின் ஷா256 கைரேகையை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியும். கணக்கையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் இன்னும் நல்லது.

பைப்லைன்:

ஏஜென்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. '-ஏ' (பெரிய A) கொடி போட்டு ஏஜென்ட் ஃபார்வர்டிங் பயன்படுத்தச் சொல்லும் குறிப்புகள் நிறையக் கிடைக்கும். வேண்டாம். நீங்கள் இணைந்திருக்கும் நேரம் முழுக்க, அந்தச் சர்வரின் ரூட் உங்கள் ஏஜென்ட்டிடம் கையெழுத்து வாங்கி வேறு சர்வருக்குள் போகலாம். ஒரு சர்வர் வழியாக இன்னொன்றுக்குப் போக வேண்டும் என்றால் '-ஜே' (பெரிய J) கொடி, அதாவது புராக்ஸிஜம்ப் இருக்கிறது, 2016-இல் 7.3 பதிப்பிலிருந்து.

இரவுப்பறவை:

புரிந்தது. பாஸ்ஃப்ரேஸ் சேர்த்துவிட்டேன், மூன்றாமவர் தனியாகச் சாவி உருவாக்குகிறார். இரவு 2 மணிக்கு எங்கள் வீட்டுக் கணினியிலிருந்து தானாக ஓடும் பேக்கப் ஒன்று இருக்கிறது, அதற்கு என் சாவிதான் போகிறது. பாஸ்ஃப்ரேஸ் போட்டதால் அது நின்றுவிடுமே? அப்புறம், யாராவது லேப்டாப்பைத் தொலைத்துவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

கன்சோல்காரன்:

பேக்கப்புக்குத் தனிச் சாவி உருவாக்குங்கள். பாஸ்ஃப்ரேஸ் இருக்க முடியாது, ஆள் இல்லாமல் ஓடுகிறது. அதனால் அந்தச் சாவியால் என்ன செய்ய முடியும் என்பதைச் சர்வர் பக்கத்தில் சுருக்கிவிட வேண்டும். ஆத்தரைஸ்டு_கீஸில் அந்தச் சாவி வரியின் தொடக்கத்தில், வகைப் பெயருக்கு முன்னால், 'ரெஸ்ட்ரிக்ட்' என்று எழுதிக் காற்புள்ளி வைத்து, 'கமாண்ட்' என்று போட்டு மேற்கோள் குறிக்குள் பேக்கப் கட்டளையைக் கொடுங்கள். அந்தச் சாவியோடு யார் வந்து எந்தக் கட்டளையைக் கேட்டாலும் அது ஒன்றுதான் ஓடும். டெர்மினல் கிடைக்காது, போர்ட் ஃபார்வர்டிங் கிடைக்காது. வீட்டுக் கணினிக்கு மாறாத ஐபி இருந்தால் 'ஃப்ரம்' என்று போட்டு அந்த முகவரியிலிருந்து மட்டும் என்றும் கட்டலாம்.

லேப்டாப் தொலைந்தால், அந்த லேப்டாப்பின் சாவி வரியை ஆத்தரைஸ்டு_கீஸிலிருந்து எடுக்க வேண்டும். வரியின் கடைசியில் இருக்கும் குறிப்பில் பெயரையும் எந்தக் கணினி என்பதையும் இன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள், தேடும் நேரத்தில் 'யூசர்@டெஸ்க்டாப்' என்று மூன்று வரி இருந்தால் கை நடுங்கும். அந்தச் சாவியை வேறு எந்தச் சர்வரிலும், கிட் சேவைகளிலும் போட்டிருந்தாரா என்று கேளுங்கள், அங்கேயும் எடுக்க வேண்டும்.

வரியை எடுப்பது புதிய இணைப்பைத்தான் தடுக்கும். அந்த லேப்டாப்பிலிருந்து ஏற்கனவே திறந்திருக்கும் இணைப்பு அப்படியே உயிரோடு இருக்கும். 'ஹூ' கட்டளையில் டெர்மினல் திறந்தவர்கள் மட்டும்தான் தெரிவார்கள், அதனால் 'பிஎஸ்' போட்டு எஸ்எஸ்எச்டி புராசஸ்களையும் பாருங்கள். யாருடையது என்று சந்தேகமாக இருந்தால், உங்கள் ஜன்னலை மட்டும் விட்டுவிட்டு மிச்ச இணைப்புகளைக் கொன்றுவிடுங்கள். மற்ற இருவரும் திரும்ப லாகின் செய்துகொள்வார்கள்.